வெயிலுக்குப் புறப்பட்ட வீடு

ஜோகி தன் தங்கும் விடுதிக்கு மூன்றாவது மாடியும் எழுப்பி, அதன் தலையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் ஏற்றி வைத்து, அந்த மொத்தக் கட்டடத்தின் நிழலும் தை மாதத்து வெயிலை மறித்துக்கொண்டு வடக்கே நீண்டு விழத் தொடங்கிய சில வாரங்களில், பக்கத்து வீட்டு அருமைநாயகத்தின் வீடு வெயிலைத் தேடிப் புறப்பட்டது. புறப்பட்டது என்றால் இடி இடிக்கவில்லை, பூமி பிளக்கவில்லை, சுவரில் ஒரு கீறல் விழவில்லை. குளிர்காலத்தில் படுத்துக் கிடக்கிற எருமை, மேலே நிழல் வந்துவிட்டதே என்று எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுக்குமே, அந்த மாதிரிதான் போயிற்று.

அருமைநாயகம் அதை முதலில் காப்பி டம்ளரில்தான் கண்டார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தவர், காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்க வேண்டிய எல்லைக்கல், அவரே கடப்பாரை பிடித்து நட்ட கல், குளியலறைப் பக்கமாக அரை அடி தள்ளி நின்றது.

"எப்சி, எல்லைக்கல்ல யாரோ நவுத்திட்டானுவ," என்றார்.

அவர் மனைவி எப்சிபா பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலில் கேன்வாஸ் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"கல்லு அங்கனதான் இருக்கு. நாமதான் நவுந்திருக்கோம். தோசை ஆறுது, சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு மற்ற ஷூவைத் தேடப் போனாள்.

அருமைநாயகம் சர்வேயராக இருந்து ரிட்டையரானவர். நாசரேத் பக்கத்துத் தேரிமணலில் பிறந்து, வேலை கிடைத்து மலையேறியவருக்கு, கோத்தகிரியைச் சுற்றி அளவுச் சங்கிலி இழுக்காத காடும் இல்லை, கல் நடாத மேடும் இல்லை. அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்ற இடங்களில் அவர் போய் ஒரு கல்லை நட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நிம்மதியாகப் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார், ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், எட்டாம் நாள் யாரோ ஒரு நல்ல மனிதன் வந்து அதை அளந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய விசுவாசம். அப்படிப்பட்டவருடைய வீடுதான் எல்லைக்கல்லைத் தாண்டி, கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர் வாங்கிப் போட்டிருந்த காலி மனைக்குள் அரை அடி போயிருந்தது. வீடு நடந்ததைவிட அடுத்தவர் மனைக்குள் நடந்ததுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டைக் கிளப்பியது வேலிதான். அதில் குறிஞ்சி நகரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது குறிஞ்சி நகர். அங்கே வீடு கட்டிக் குடிவந்த அன்றே எப்சிபா ஒரு தீர்மானத்தோடு வந்தாள். டேலியாவும் ஜெரேனியமும் கூடையில் அடுக்கிக்கொண்டு வந்த நர்சரிக்காரரிடம், "பாக்கதுக்கு மட்டும் இருக்க செடி எனக்கு வேண்டாம். வீட்டைச் சுத்தி நிக்கது எல்லாம் வாயில போடுததா இருக்கணும்," என்று சொல்லிவிட்டாள். அதன்படி வாசல் வளைவில் மேரக்காய்க் கொடி ஏறியது, நடைபாதை ஓரம் ஸ்ட்ராபெர்ரி ஓடியது, குழாயடியில் புதினா குடியேறியது, ஜன்னலுக்குக் கீழே பாலக்கீரை, கொல்லையில் மரத்தக்காளி, ஷெட்டின் கூரைமேல் அவரை. சுற்றுச்சுவர் கட்டலாம் என்று கொத்தனார் சொன்னார், முள்கம்பி போடலாம் என்று அருமைநாயகம் சொன்னார், எப்சிபா ரோஸ்மேரி நட்டாள். விரல் நீளக் குச்சிகளை ஒடித்து, அடி இலைகளை உருவி, மணலில் குத்தி வேர் விடவைத்து, சாம்பலும் முட்டை ஓடும் போட்ட மண்ணில் வீட்டைச் சுற்றி வரிசையாக நட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்வது போல "நேரா நில்லு, தோள இடிக்காத" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். தண்ணீர் அதிகம் காட்ட மாட்டாள், ஈரத்தில் நின்றால் அதற்குக் கால் அழுகிவிடும். வெயில் மட்டும் வஞ்சனை இல்லாமல் வேண்டும்.

முதலில் ஊரில் அது வேறு மாதிரி பரவியது. சர்வேயர் வீட்டுக்கு ரோஸ்மேரி என்று ஒருத்தி வந்திருக்கிறாளாம், டீச்சர் அவளைத் தினம் காலையில் வெளியே நிறுத்தித் திட்டுகிறாளாம் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஜோகியின் மனைவி மாதி ஒரு தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு, வந்த பெண்ணைப் பார்த்து ஆறுதல் சொல்லத்தான் முதல் முறை அந்தப் படியேறினாள். எப்சிபா அவளை வேலியின் முன்னால் நிறுத்தி, ஒரு இணுக்கைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி மூக்கருகே பிடித்தாள். மாதிக்குக் கற்பூரமும் எலுமிச்சையும் புதுப் பென்சிலும் சேர்ந்து அடித்தது போல இருந்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நல்ல போக்குவரத்து. ஜோகியும் அருமைநாயகமும் சாயங்காலங்களில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த ஜோகிதான் மாடி எழுப்பினார். அவருடைய மனை தெற்குப் பக்கம். அளந்து கல் நட்டுக் கொடுத்தவர் அருமைநாயகமேதான், கட்டடம் எல்லைக்குள்ளேதான் நின்றது, ஒரு விரற்கடைகூட மீறவில்லை. மீறியது நிழல். நிழலுக்குச் சர்வே எண் கிடையாது, எந்தக் கல்லாலும் அதை நிறுத்த முடியாது என்பதை அறுபது வயதுக்கு மேல் அருமைநாயகம் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ஜோகியோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஜோகியும் சங்கடப்பட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வர ஆரம்பித்தார். வேலி கறுத்தது, உள்கிளைகளில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது, நீலப்பூ உதிர்ந்தது. அதைப் பார்த்து ஒரு காலையில் எப்சிபா, "இங்கன இனிமே வெயில் வராது பிள்ளைகளா. வேணும்னா நாமதான் போவணும்," என்று சொன்னாள். பெருமூச்சோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் பி.டி. டீச்சர் சொன்னால் வரிசை நகரத்தானே செய்யும். வேர்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் போய் ஒன்றோடொன்று கைகோத்து, வீட்டை ஒரு கூடையைப் போலத் தூக்கிக்கொண்டன.

அருமைநாயகம் பல் டாக்டருக்குப் போன் போட்டு, தொண்டையைச் செருமி, "டாக்டர், உங்க மனைக்குள்ள என் வீடு அரை அடி வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள இன்னும் வரும்னு தோணுது," என்றார்.

டாக்டர் ஒன்றுதான் கேட்டார். "அந்த ரோஸ்மேரி வேலியும் சேர்ந்து வருதா?"

"அதுதான் டாக்டர் கூட்டிட்டு வருது."

"அப்ப வரட்டும் சார். என் வொய்ஃப் முடி கொட்டுதுன்னு ரோஸ்மேரித் தண்ணி தேடிக்கிட்டே இருக்கா. ரெண்டு கொத்து எடுத்து வைங்க," என்று டாக்டர் வைத்துவிட்டார்.

இப்படித்தான் ஊர் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன், "கொஞ்சம் தாராளமாவே வயர் விட்டிருக்கேன் சார், அந்த வளைவு வரைக்கும் வரும், அதுக்கப்புறம் வேற கம்பத்துல மாட்டிக்கலாம்," என்று சொல்லி இறங்கினார். தண்ணீருக்கு நீளக் குழாய் ஒன்றைச் சுருட்டி வாசலில் வைத்து, வீடு போகப் போக அவிழ்த்துக்கொண்டார்கள். தபால்காரப் பெண் முகவரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் மணக்கிறதோ அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள். வெயில் அடித்தால் வீடு போகும், மூடுபனி இறங்கினால் நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, காப்பி மட்டும் சாயும், மோர் கடைகிற மாதிரி ஒரு சத்தம் தரைக்கு அடியில் கேட்கும், அவ்வளவுதான். வீடு மினிபஸ் ரோட்டைக் கடந்த நாளில் டிரைவர் எஞ்ஜினை அணைத்துவிட்டு, "வீடு கிராஸ் பண்ணுது, டீ குடிக்கிறவங்க குடிச்சுட்டு வாங்க," என்றார். குடித்துவிட்டு வந்தார்கள், வீடு பாதி ரோட்டில் நின்றது. மறுபடி குடித்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது டீயை எப்சிபாவே ரோஸ்மேரி இணுக்குப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அன்று மேட்டுப்பாளையம் போக வேண்டியவர்களில் பாதிப் பேர், போகிற காரியம் அப்படி ஒன்றும் அவசரமில்லை என்று வீட்டுக்குத் திரும்பி, அவரவர் மனைவிமாரை ஆச்சரியப்படுத்தினார்கள்.

வெயிலில் வேலி தெளிந்தது. கறுப்பு போய் இலைகள் மேலே கரும்பச்சையும் கீழே வெள்ளையுமாக மின்ன, கிளை கிளையாக நீலப்பூ வெடிக்க, மலைத்தேனீக்கள் வந்து மொய்க்க, உச்சி வெயிலில் அந்த எண்ணெய் மணம் சூடேறி வீட்டைச் சுற்றி ஒரு கிறுகிறுப்பாகப் பரவும். மூக்கில் பட்டவர்களுக்கு மனசு லேசாகும். கணக்கு டீச்சர் வகுப்பில் தப்பாகக் கூட்டிவிட்டுத் தானே சிரித்தாள். பேசாதிருந்த மாமியாரும் மருமகளும் வேலி ஓரத்தில் கிள்ளக் குனிந்து தலையில் முட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் அதை மாவில் கலந்து வர்க்கி சுட்டார், கடித்தவர்கள் மறு கடி கடிக்கும் முன்னால் கண்ணை மூடினார்கள். உருளைக்கிழங்கை முழுசாக வேகவைத்து நெய்யில் புரட்டி இந்த இலையைத் தூவினால் வேறு குழம்பு வேண்டாம் என்று ஊரே கண்டுபிடித்தது. வீடு கடந்துபோன தடத்தில் மண் கட்டியில்லாமல் பொலபொலவென்று கிடக்க, கூடவே போன தோட்டம் சிந்திய விதைகளெல்லாம் அதில் விழுந்து, யார் மனையோ அவர் மனையில் கீரையும் கேரட்டும் ஸ்ட்ராபெர்ரியும் யாரும் கேட்காமலே முளைத்தன.

அதைப் பார்த்த பிறகு ஊருக்கு ஒரே போட்டி. வீடு தன் இடத்தின் வழியாகப் போக வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். கம்பி வேலியைச் சுருட்டினார்கள், கேட்டைக் கழற்றினார்கள். கல் நட்டிருந்தால் வீடு இடறுமே என்று கல்லையும் பிடுங்கினார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மனை வாசலில் நின்றார்கள். அருமைநாயகம் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து, தான் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று நட்ட கற்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கல்லும் பிடுங்கப்படும்போது தன் வாயிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்குவது போல அவருக்குத் தாடை வலித்தது. சித்தப்பன் மகனும் பெரியப்பன் மகனும் கோர்ட்டுக்குப் போய், அவர் ஏழு தடவை அளந்து கொடுத்த ஒரு கல் இருந்தது. அதை அந்த இரண்டு பேருமே சேர்ந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, "சார், பாத்து வாங்க, குழி இருக்கு," என்று சிரித்தபடி கையைக் காட்டினார்கள். அந்தக் குழியைத் தாண்டும்போது அவருடைய தாடை வலி சட்டென்று நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் கவனித்தார், ஊரில் யாரும் அவரிடம் சண்டை தீர்க்கச் சொல்லி வந்து வெகு நாளாயிற்று.

தாலுகா ஆபீசிலிருந்து வருவாய் ஆய்வாளர் அம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் வீடு கொஞ்சம் தள்ளிப் போயிருந்ததால் இன்னொரு சுற்றும் நடந்தார்.

"வீடுன்னு எழுதினா ஆக்கிரமிப்பு. வண்டின்னு எழுதினா நம்பர் பிளேட் இல்ல. நான் என்ன சார் எழுதறது?" என்று சீனியர் என்ற மரியாதையோடு அருமைநாயகத்தையே கேட்டார்.

அருமைநாயகம் தன் சர்வீஸில் இந்த மாதிரிக் கேஸ் வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். எப்சிபா ஒரு தட்டு உருளைக்கிழங்கை நீட்டினாள். அந்த அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்று, தேனீக்களைப் பார்த்து, பிடுங்கிய கல்லின்மேல் உட்கார்ந்து, இரண்டாவதையும் சாப்பிட்டார்.

"மேய்ச்சல்னு எழுதிக்கிறேன். மேய்றதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு," என்றார். அதோடு சர்க்காரும் சம்மதித்தாயிற்று.

ஆனால் மேய்கிற மாட்டுக்குப் பள்ளம் தெரியும், ரோஸ்மேரிக்குத் தெரியாது. வீடு கிழக்கே போய், ஜோகியின் கட்டடத்தைச் சுற்றித் தென்கிழக்காகத் திரும்பி, தேயிலை வரிகளுக்கு நடுவே மெல்ல இறங்கி, நாளுக்கு நாள் அகலமாக வெயில் விழுகிற பக்கமே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசியில் பருந்துப் பாறை. அங்கே மரம் இல்லை, கட்டடம் இல்லை, சூரியன் உதித்ததிலிருந்து சாய்கிற வரை ஒரு துளி நிழல் கிடையாது. பாறைக்கு அப்பால் தரையும் கிடையாது. நேர் கீழே நீல மூட்டத்துக்குள் சமவெளி கிடந்தது.

முதலில் எல்லாரும் அது தானே நின்றுவிடும் என்று நினைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த அருமைநாயகம், வராந்தாவிலிருந்து பார்த்தால் வாசலுக்கும் பருந்துகளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தார். பருந்துகள் கண்ணுக்கு நேராக அல்ல, காலுக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன. உச்சி வெயில். வேலி பூத்துக் குலுங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற பெண்களைப் போலக் கலகலத்துக்கொண்டு, முன்னால் போயிற்று.

எப்சிபா ஷெட்டிலிருந்து அரிவாளை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"வெட்டுங்க. நுனியில இல்ல, அடியில, முத்தின கட்டையில வெட்டணும்."

"அங்க வெட்டினா திரும்பத் துளுக்காதுன்னு நீதான சொன்ன?"

"துளுக்காது. செத்துப்போவும். எனக்குக் கை வரல, அதான் உங்கட்ட தாரேன்."

அவர் வேலியோரம் போனார். முதல் நாளிலிருந்து இந்த நடையை வேண்டாத ஒரே மனிதர் அவர்தான், ஆகவே இது அவருடைய வேலைதான் என்று அவருக்கே தோன்றியது. குனிந்து அடிக்கட்டையைப் பிடித்தார். அது கை முட்டி அளவு பருத்து, செதிள் செதிளாகப் பட்டை விட்டு, வெயிலின் சூட்டோடு இருந்தது. பிடித்த கையில் பிசின் ஒட்டியது. தலைக்கு மேல் தேனீக்கள் அவரைப் பொருட்படுத்தாமல் பூவுக்குப் பூ போய்க்கொண்டிருந்தன. அவை எந்த மனையிலிருந்து எந்த மனைக்கு வந்திருக்கின்றன என்று ஒரு கணம் யோசித்தார். யோசித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணத்தின் வேலையா, மனசின் வேலையா தெரியாது, பாறை விளிம்பில் அரிவாளும் கையுமாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்னால முடியாது எப்சி," என்றார். "இது பாட்டுக்குச் சந்தோசமாப் போவுது. நான் எப்படி வெட்டுவேன்?"

அப்போது மேட்டிலிருந்து ஒரு ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. ஜோகி. பக்கத்தில் மாதி. பின்னால் கல்யாணச் சாமியானாத் துணியும் மூங்கில் கழிகளும் குவியலாக. ஜோகி இறங்கி, அருமைநாயகத்தின் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துப் பேசினார்.

"சார், என் நிழல்தான இதை விரட்டுச்சு? அந்த நிழலை இந்தப் பக்கம் போட்டா என்ன?"

இத்தனை வாரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. அருமைநாயகம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பிலிருந்து ஒரு கழியை உருவித் தோளில் வைத்தார். அதுதான் பதில். மினிபஸ்ஸும் வந்தது, பேக்கரிக்காரரும் வந்தார், சித்தப்பன் மகனும் பெரியப்பன் மகனும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தார்கள். பாறையோரம் கழி நட்டு, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியை உயர்த்திக் கட்டினார்கள். நிழல் வேலியின் முன்பக்கத்தில் விழுந்தது. வீடு நின்றது. தண்ணீரில் கால் வைத்த பூனை போல ஒரு நடுக்கம் அதன் மேல் ஓடியது. பின்னால் போவதா, நிற்பதா, நிழலைக் கிழித்துக்கொண்டு போவதா என்று யோசிப்பது போலத் தரைக்கு அடியில் அந்த மோர் கடைகிற சத்தம் வேகமாகக் கேட்டது. காற்றில் துணி விம்மியது, கயிறு பிடித்தவர்கள் வழுக்கினார்கள்.

"விரட்டுனா மட்டும் பத்தாது. அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிடணும்," என்றாள் மாதி.

அருமைநாயகம் மேட்டைப் பார்த்தார், சாய்கிற சூரியனைப் பார்த்தார். அவர் வேலையில் சேர்ந்த காலத்துக்கும் முந்தைய சர்வேயர்கள், ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்குக் கண்ணாடியால் வெயிலைக் காட்டித்தான் தூரம் பார்ப்பார்கள் என்று படித்திருந்தார்.

"கண்ணாடி," என்றார். "ஊர்ல இருக்க அத்தனை கண்ணாடியும் வேணும்."

ஜோகி தன் விடுதியின் அறை அறையாக ஓடி, பீரோக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். சலூன்காரர் சுவர்க்கண்ணாடியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார். பைக்குகளின் பக்கக் கண்ணாடிகள் வந்தன, கைக்கண்ணாடிகள் வந்தன, கண்ணாடி கிடைக்காதவர்கள் எவர்சில்வர் தட்டையும் தாம்பாளத்தையும் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்தார்கள். சுற்றுலா வந்த ஒரு புதுமாப்பிள்ளை, மனைவியின் பவுடர் டப்பாவைத் திறந்து பிடித்தான். எல்லாரும் தேயிலை வரிகளுக்கு நடுவே மேட்டின் மேல் வரிசையாக நின்றார்கள். எப்சிபா விசில் ஊதினாள். "முழங்கை மடக்காத, மூஞ்சிக்கு நேரா பிடி, பக்கத்தாளு கண்ணுல அடிக்காத." அருமைநாயகம் ஒவ்வொருவரிடமும் போய், தோளைத் தொட்டு, "கொஞ்சம் சாச்சு, இன்னும் கொஞ்சம், அங்கனதான்," என்று கோணம் சொன்னார். ஒவ்வொரு கண்ணாடியிலிருந்தும் ஒரு துண்டு வெயில் குதித்து, சரிவில் தாவித் தாவி ஓடி, வீட்டின் பின்புற வேலியில் போய் உட்கார்ந்தது. துண்டுகள் சேர்ந்தன. வீட்டின் பின்பக்கம் இன்னொரு சூரியன் உதித்தது போல ஆயிற்று. ஷெட்டின் மேலிருந்த அவரைப்பூக்கள் விழித்தன, மரத்தக்காளிகள் விளக்குகளாகச் சிவந்தன.

பின்புற வேலி மொட்டு மொட்டாகப் பூத்தது. பூப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. வீடு ஒரு பெருமூச்சு விட்டு, மேட்டை நோக்கி ஏறத் தொடங்கியது.

யாரும் கத்தவில்லை. கத்தினால் கை ஆடும், வெயில் சிதறும். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புல் காட்டிக் கன்றை அழைப்பது போல, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, ஒவ்வொரு அடியாக வீட்டை மேலே அழைத்தார்கள். தேயிலைச் செடிகளில் இடறினார்கள், விழுந்தவர்கள் கண்ணாடியை மட்டும் உயரே தூக்கிப் பிடித்தபடி விழுந்தார்கள். மணம் ஏற ஏற வரிசை முழுக்கச் சிரிப்பு தொற்றியது. சிரித்தால் வெயில் நடுங்கியது, வெயில் நடுங்கினால் வீடு ஆட்டம் போடுவது போல இடமும் வலமும் அசைந்து வந்தது. ஜோகி தன் பீரோக் கதவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியப் பின்னால் பின்னால் நடந்தார். அது வியர்வையா, அழுகையா, ரோஸ்மேரியின் காரமா என்று மாதிகூடக் கேட்கவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. வீடு அந்த இடத்திலேயே அமர்ந்தது. அது ஜோகியின் தேயிலை நிலம், விடுதிக்குத் தெற்கே, அதன் நிழல் விழாத பக்கம். கீழிருந்து மூடுபனி ஏறி வந்தது. எல்லாரும் அவரவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, தங்கள் முகத்தை அதில் ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு, வீடுகளுக்குப் போனார்கள்.

அருமைநாயகம் வாசற்படியில் நின்றார். கால் விரலை அந்த மண்ணில் வைக்கவும் தயங்கினார். எத்தனையோ பேருடைய நிலத்தின் வழியாக வந்தாயிற்று. எங்கேயும் அவர் வாய் திறந்து கேட்டதில்லை, போனில் தகவல்தான் சொல்லியிருக்கிறார்.

"ஜோகி," என்றார். "இன்னைக்கு ராத்திரி இங்க நின்னுக்கிடலாமா?"

ஜோகி பீரோக் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நில்லுங்க சார். ஆனா வீட்டுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடணும். விடிஞ்சதும் கிளம்பிடக் கூடாது. மாதி களி கிண்டறா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வெயில் முதலில் மேரக்காய்க் கொடியைத் தொட்டது, பிறகு வேலியைத் தொட்டது. வேலி சிலிர்த்தது. வீடு எழுந்துகொள்ளப் பார்த்து, அரைவாசி எழுந்து, அப்படியே பொறுத்துக்கொண்டு நின்றது. மாதி ராகிக்களியும் அவரைக் குழம்பும் கொண்டு வந்து பரிமாறினாள். எப்சிபா இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள், மூன்றாவது தடவையும் வாங்கினாள். காப்பி சாயாமல் நேராக நின்றது. கடைசி ஆள் கை கழுவிய தண்ணீர் புதினாவில் விழுந்த பிறகுதான் தரைக்கு அடியில் மோர் கடையும் சத்தம் கேட்டது.

ஜோகி இறங்குவதற்காக எழுந்தார், ஆனால் இறங்கவில்லை. வராந்தாவில் நின்று, தன் தேயிலை வரிகள் மெல்லப் பின்னால் போவதைப் பார்த்தார்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் சார் போகும்?"

"தெரியலயே," என்றார் அருமைநாயகம். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஜோகிக்கு இடம் விட்டார்.